தூது ஆர்.என்.ஏ.வின் இரண்டாம்நிலைக் கட்டமைப்பும் மரபணு வெளிப்பாடும்: இருப்பிடம் சார்ந்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தூது ஆர்.என்.ஏ. மரபுச்செய்தியைச் சுமந்து செல்லும் நீண்ட இழை என்றே பாடநூல்களில் பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. உயிரணுவினுள் இவ்விழை தன்மீதே மடிந்து தண்டுகளாகவும் வளையங்களாகவும் அமைகிறது. இம்மடிப்பு ஒரு மரபணுவிலிருந்து எவ்வளவு புரதம் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கும் காரணிகளுள் ஒன்றாகும். கட்டமைப்பு வலுவானால் புரத உற்பத்தி குறையும் என்ற பொதுக்கருத்து எந்த அளவுக்கு உண்மை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாக்டீரியா, வைரஸ், மனிதர் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்ட சான்றுகளின் வழியே, ஒரு கட்டமைப்பின் விளைவை அதன் வலிமையோடு அது இழையில் அமைந்துள்ள இடமும் சேர்ந்தே முடிவு செய்கிறது என்பது விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தூது ஆர்.என்.ஏ., இரண்டாம்நிலைக் கட்டமைப்பு, மொழிபெயர்த்தல், ரைபோசோம், ஒத்தபொருள் கோடான்கள், ரைபோ நிலைமாற்றி, மரபணு வெளிப்பாடு.

முன்னுரை

இருபது அமினோ அமிலங்களைக் குறிக்க அறுபத்தொரு கோடான்கள் உள்ளன. ஆகவே ஒரே அமினோ அமிலத்தைப் பல கோடான்கள் குறிக்க இயலும். லியூசினுக்கு மட்டும் ஆறு கோடான்கள் உண்டு. ஒரு கோடானுக்கு மாற்றாக அதே பொருள் தரும் மற்றொரு கோடான் அமையும்போது புரதத்தின் வரிசை மாறுவதில்லை. இத்தகைய மாற்றங்கள் நெடுங்காலமாக 'மௌனச் சடுதிமாற்றங்கள்' என்று அழைக்கப்பட்டு, விளைவற்றவையாகக் கருதப்பட்டன.

இக்கருத்து ஓர் எடுகோளின்மீது நிற்கிறது. தூது ஆர்.என்.ஏ.வில் உள்ள செய்தி முழுவதும் மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படும் வரிசையிலேயே அடங்கியுள்ளது என்பதே அவ்வெடுகோள். ஆனால் எழுத்து மாறினால் இழையின் மடிப்பும் மாறக்கூடும். மடிப்பு மாறினால் ரைபோசோம் இழையை அணுகும் வாய்ப்பு, இழையின் ஆயுள், வாசிப்பின் வேகம் ஆகியனவும் மாறக்கூடும். எனவே ஒரே புரதத்தைக் குறிக்கும் இரு தூது ஆர்.என்.ஏ.க்கள் உயிரணுவினுள் ஒன்றுபோலச் செயல்படும் என்று கொள்ள இயலாது. தடுப்பூசி வடிவமைப்பிலும் மரபுநோய் கண்டறிதலிலும் இவ்வேறுபாடு நேரடி விளைவுகளை உடையதாதலின் இதன் அடிப்படைகளைத் தெளிவுபடுத்துவது இன்றியமையாததாகிறது.

மடிப்பின் இயல்பும் ஆற்றலும்

ஆர்.என்.ஏ. ஒற்றை இழையாக உருவாகிறது. அதன் ஒரு பகுதியிலுள்ள குவானைன் மற்றொரு பகுதியிலுள்ள சைட்டோசினுடனும், அடினைன் யுராசிலுடனும் இணை சேர்கின்றன. முன்னதில் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளும் பின்னதில் இரண்டும் அமைகின்றன. இவையன்றிக் குவானைனும் யுராசிலும் தளர்வாக இணைவதும் உண்டு. இணை சேர்ந்த பகுதி 'தண்டு' எனவும், தண்டின் முனையில் இணை சேராது வளைந்து நிற்கும் பகுதி 'வளையம்' எனவும் குறிக்கப்படும். தண்டும் வளையமும் சேர்ந்த அமைப்பு கொண்டை ஊசி வடிவம் எனப்படுகிறது. ஒரு வளையத்திலுள்ள காரங்கள் வெளியே உள்ள பகுதியுடன் மீண்டும் இணை சேரும்போது 'போலி முடிச்சு' தோன்றுகிறது.

தண்டின் உறுதிக்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டுமே காரணம் அல்ல. அடுத்தடுத்த காரஇணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் கிடைக்கும் ஆற்றலே பெரும்பங்கு வகிக்கிறது. 37 பாகை செல்சியஸில், வழக்கமான காரஇணைகளின் ஓர் அடுக்கு ஒரு மோலுக்குச் சுமார் 0.9 முதல் 3.4 கிலோகலோரி வரை உறுதி அளிக்கிறது. இவ்வெண்களைப் பின்வரும் விவாதத்தில் நினைவில் கொள்வது தேவையாகும்.

மடிப்பைக் கணிப்பது எளிதன்று. நூறு காரங்கள் கொண்ட ஓர் இழைக்கு ஏறத்தாழ 10இன் 25ஆம் அடுக்கு அளவிலான மாற்றுக் கட்டமைப்புகள் இருக்கக்கூடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்காமல், சிறு துண்டுகளின் சிறந்த மடிப்பிலிருந்து பெரிய துண்டுகளின் சிறந்த மடிப்பைக் கட்டியெழுப்பும் கணிப்புமுறையை 1978இல் ரூத் நுசினோவும் அவருடன் பணியாற்றியோரும் முன்வைத்தனர். 1981இல் மைக்கேல் சூக்கரும் பேட்ரிக் ஸ்டீக்லரும் அதனுடன் ஆற்றல் அளவைகளை இணைத்தனர். இன்று பயன்படும் பல கணிப்பு மென்பொருள்கள் இவ்வழியில் வந்தவையே.

தொடக்க இடத்தில் கட்டமைப்பு: தடையின் அளவு

பாக்டீரியாவில் மொழிபெயர்த்தல் தொடங்குவதற்கு ரைபோசோமின் சிறிய துணையலகு, தொடக்கக் கோடானுக்குச் சற்று முன்னுள்ள வரிசையை அடையாளம் காண வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஷைன், லின் டல்கார்னோ ஆகியோர் 1974இல் விளக்கிய இவ்வரிசை அவர்கள் பெயராலேயே வழங்கப்படுகிறது. ரைபோசோமிலுள்ள ஆர்.என்.ஏ. இவ்வரிசையுடன் இணை சேர்வதால், அவ்வரிசை ஏற்கெனவே ஒரு தண்டினுள் மறைந்திருந்தால் இணைப்பு தடைபடும்.

இத்தடையை அளவிட்டுக் காட்டியவர்கள் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன் டி ஸ்மிட், யான் வான் டுயின் ஆகியோர் ஆவர். பாக்டீரியாவைத் தாக்கும் எம்.எஸ்.2 வைரஸின் உறைப்புரத மரபணுவில், தொடக்கப் பகுதி ஒரு கொண்டை ஊசி வடிவத்தில் அமைந்துள்ளது. அதன் உறுதியைச் சிறிது சிறிதாக மாற்றும் சடுதிமாற்றங்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் தோன்றும் புரதத்தின் அளவை அவர்கள் கணக்கிட்டனர். 1990இல் வெளியான இவ்வாய்வின்படி, ஒரு குறிப்பிட்ட வரம்புக்கு மேல், தண்டின் உறுதி மோலுக்கு 1.4 கிலோகலோரி கூடும்போதெல்லாம் புரத அளவு பத்தில் ஒன்றாகக் குறைந்தது.

இவ்வெண் தற்செயலானது அன்று. வெப்பஇயக்கவியலின்படி, ஒரு சமநிலை பத்து மடங்கு இடம்பெயர்வதற்குத் தேவையான ஆற்றல், வாயு மாறிலி, தனிவெப்பநிலை, பத்தின் இயல்மடக்கை ஆகிய மூன்றின் பெருக்கற்பலனாகும். 37 பாகை செல்சியஸில் இது 1.42 கிலோகலோரி ஆகிறது. அதாவது, எந்தவொரு நேரத்திலும் எத்தனை விழுக்காடு இழைகள் திறந்த நிலையில் உள்ளனவோ அதற்கேற்பவே புரதம் உருவாகிறது என்பது இதனால் புலனாகிறது. முற்பகுதியில் கூறப்பட்ட அடுக்கு ஆற்றலுடன் இதனை ஒப்பிட்டால், ஒரே ஒரு காரஇணை கூடுவதோ குறைவதோ புரத அளவைப் பத்து மடங்கும் அதற்கு மேலும் மாற்றப் போதுமானது என்பது விளங்கும்.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. சிறிய தண்டுகள் திறந்து மூடும் காலம் மைக்ரோ நொடிகளின் அளவில் உள்ளது. உயிரணுவில் உலவும் ரைபோசோம் அக்குறுகிய திறப்பைத் தற்செயலாகச் சந்திப்பது அரிது. ரைபோசோம் அருகிலுள்ள மடியாத பகுதியொன்றில் முன்பே அமர்ந்து, தண்டு திறக்கும் கணத்தில் உள்ளே நகர்கிறது என்ற விளக்கத்தை அதே ஆய்வாளர்கள் 2003இல் முன்வைத்தனர். இக்காத்திருப்பு இடங்களைக் கருத்திற்கொள்ளாமல் தண்டின் உறுதியை மட்டும் கணக்கிடுவது முழுமையான மதிப்பீடாகாது.

ஒரே புரதம், வெவ்வேறு அளவு

வைரஸ் மரபணுவொன்றில் கண்ட இவ்விதி பிற மரபணுக்களுக்கும் பொருந்துமா என்ற வினாவிற்கு 2009இல் ஒரு விடை கிடைத்தது. கிரிகோர் குட்லா, ஆண்ட்ரூ முர்ரே, டேவிட் டோலர்வே, ஜோஷுவா பிளாட்கின் ஆகியோர் பச்சை ஒளிர்புரதத்திற்கான மரபணுவை 154 வடிவங்களில் செயற்கையாக உருவாக்கினர். அனைத்தும் ஒரே புரதத்தைக் குறிப்பவை. கோடான்கள் மட்டும் வேறுபட்டவை. ஈ.கோலி பாக்டீரியாவில் இவை வெளிப்படுத்தப்பட்டபோது ஒளிர்வின் அளவு 250 மடங்கு வரை வேறுபட்டது.

உயிரணு அதிகம் பயன்படுத்தும் கோடான்களைத் தேர்ந்தெடுத்தால் புரதம் மிகும் என்பதே அதுவரை பரவலாக இருந்த எதிர்பார்ப்பு. இச்சோதனையில் கோடான் தேர்வுக்கும் புரத அளவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. தொடக்கக் கோடானை ஒட்டிய நாற்பதுக்குச் சற்று மிகுந்த காரங்களின் மடிப்பு ஆற்றல், வேறுபாட்டில் பாதிக்கு மேற்பட்டதை விளக்கியது. கோடான் தேர்வு பாக்டீரியாவின் வளர்ச்சியுடன் தொடர்புடையதாக இருந்தது. குறிப்பிட்ட புரதத்தின் அளவை மொழிபெயர்த்தலின் தொடக்கம் கட்டுப்படுத்துகிறது என்றும், கோடான் தேர்வு உயிரணுவின் ஒட்டுமொத்த ரைபோசோம் பயன்பாட்டைப் பாதிக்கிறது என்றும் ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் அளித்தனர்.

உணரியாகச் செயல்படும் மடிப்பு

மேற்கண்டவற்றில் கட்டமைப்பு ஒரு நிலையான தடையாக அமைகிறது. சூழலுக்கு ஏற்ப மாறும் மடிப்புகளும் உள்ளன. அவற்றுள் மூன்று இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, ஈ.கோலியின் டிரிப்டோபன் ஓபரான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் யானோஃப்ஸ்கி குழுவினர் இதனை விரிவாக ஆராய்ந்தனர். இதன் முன்னோடிப் பகுதியில் நான்கு துண்டுகள் உள்ளன. இரண்டாம், மூன்றாம் துண்டுகள் இணைந்தால் படியெடுத்தல் தொடரும். மூன்றாம், நான்காம் துண்டுகள் இணைந்தால் அது முடிவுறும். எது நிகழும் என்பதை 14 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பெப்டைடின் மொழிபெயர்ப்பு தீர்மானிக்கிறது. அதில் டிரிப்டோபனுக்கான இரு கோடான்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. டிரிப்டோபன் பற்றாக்குறை ஏற்படும்போது ரைபோசோம் அவ்விடத்தில் தயங்கி முதல் துண்டை மறைத்துக்கொள்கிறது. அதனால் இரண்டாம் துண்டு விடுபட்டு மூன்றாம் துண்டுடன் இணைகிறது. டிரிப்டோபனை உருவாக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் படியெடுக்கப்படுகின்றன. டிரிப்டோபன் போதுமானதாக இருப்பின் ரைபோசோம் முன்னேறி இரண்டாம் துண்டை மறைக்கிறது; முடிவுறுத்தும் தண்டு உருவாகிறது. படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும் ஒரே வேளையில் நிகழும் பாக்டீரியாவில்தான் இவ்வழிமுறை இயலும். உட்கருவினால் இவ்விரண்டும் பிரிக்கப்பட்ட உயிரணுக்களில் இதற்கு இடமில்லை.

இரண்டாவது, ரைபோ நிலைமாற்றிகள். இவற்றில் புரதத்தின் துணையின்றி ஆர்.என்.ஏ.வே சிறு மூலக்கூறுகளை இனங்காண்கிறது. தயமின் வழிப்பொருள், உயிர்ச்சத்து பி12 வழிப்பொருள் ஆகியவற்றை இவ்வாறு பற்றும் தூது ஆர்.என்.ஏ.க்களை 2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் பிரேக்கர் குழுவினர் விவரித்தனர். மூலக்கூறு பற்றியவுடன் மடிப்பு மாறி ரைபோசோம் இணையும் இடம் மறைகிறது, அல்லது படியெடுத்தல் முடிவுறுகிறது. உற்பத்தியான பொருளே தன் உற்பத்தியை நிறுத்தும் இம்முறையில் இடைத்தரகர் எவரும் இல்லை எனலாம்.

மூன்றாவது, வெப்பநிலையை உணரும் மடிப்புகள். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்னும் பாக்டீரியா உணவின்வழிப் பரவி நோய் விளைவிப்பது. அதன் நோயூக்க மரபணுக்களை இயக்கும் பி.ஆர்.எஃப்.ஏ. புரதத்தின் தூது ஆர்.என்.ஏ. 30 பாகை செல்சியஸில் தொடக்க இடத்தை மறைத்து மடிந்துள்ளது. மனித உடலின் வெப்பநிலையான 37 பாகையில் அம்மடிப்பு தளர்ந்து மொழிபெயர்த்தல் தொடங்குகிறது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கொசார் குழுவினர் 2002இல் இதனை வெளிப்படுத்தினர். தண்டைத் தளர்த்தும் சடுதிமாற்றங்களைப் புகுத்தியபோது குறைந்த வெப்பநிலையிலும் அப்புரதம் தோன்றியது. இதனால் கட்டுப்பாடு மடிப்பிலேயே உள்ளது என்பது உறுதிப்பட்டது.

உட்கருவுடைய உயிரணுக்களில் இருப்பிடத்தின் பங்கு

மனிதர் உள்ளிட்ட உயிரிகளில் ரைபோசோமின் சிறிய துணையலகு தூது ஆர்.என்.ஏ.வின் 5′ முனையிலுள்ள தொப்பியில் இணைந்து, தொடக்கக் கோடானைத் தேடி இழைமீது நகர்கிறது. வழியிலுள்ள தண்டுகளை அவிழ்க்கும் ஹெலிகேஸ் நொதிகள் உடன் செயல்படுகின்றன. எனவே இங்குத் தண்டின் உறுதி மட்டும் கொண்டு விளைவைக் கணிக்க இயலாது. மர்லின் கோசாக் 1989இல் வெளியிட்ட சோதனைகள் இதற்குச் சான்றாகும். மோலுக்கு 30 கிலோகலோரி உறுதியுடைய ஒரு தண்டு தொப்பியிலிருந்து 12 காரங்கள் தொலைவில் அமைந்தபோது மொழிபெயர்த்தலைத் தடுத்தது. அதே தண்டு 52 காரங்கள் தொலைவுக்கு நகர்த்தப்பட்டபோது தடை நீங்கியது. முதல் நிலையில் துணையலகு இழையில் ஏறவே வழியில்லை; இரண்டாம் நிலையில் ஏறிய துணையலகு தண்டை அவிழ்த்துச் செல்கிறது.

மேலும், தொடக்கக் கோடானைத் தாண்டி 14 காரங்கள் தொலைவில் ஒரு தண்டு அமையும்போது, வலுக்குறைந்த தொடக்கக் கோடான்களும் நன்கு இனங்காணப்படுகின்றன என்பதையும் கோசாக் 1990இல் காட்டினார். தண்டின் முன் சற்றுத் தயங்கும் துணையலகு, தொடக்கக் கோடானின்மீது நிலைகொள்ளப் போதிய நேரம் பெறுகிறது. ஆகவே கட்டமைப்பு இங்குத் தடையாகாமல் துணையாகிறது.

ஒரு காரமும் ஒரு நோயும்

இருப்பிடத்தின் முக்கியத்துவத்தை மனித உடலில் தெளிவாகக் காட்டுவது இரும்புச்சத்துக் கட்டுப்பாடு ஆகும். இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்தின் தூது ஆர்.என்.ஏ.வில், 5′ முனைக்கு அருகே சுமார் 30 காரங்கள் கொண்ட ஒரு கொண்டை ஊசி வடிவம் உள்ளது. இரும்பு குறையும்போது, இரும்பு ஒழுங்குறுத்தும் புரதங்கள் இதனைப் பற்றி மொழிபெயர்த்தலைத் தடுக்கின்றன. இரும்பை உயிரணுவினுள் கொணரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் தூது ஆர்.என்.ஏ.விலும் இதே வடிவம் ஐந்து இடங்களில் உள்ளது. ஆனால் அவை 3′ முனைப்பகுதியில் அமைந்துள்ளன. அங்கு அதே புரதங்கள் பற்றும்போது இழை சிதைவிலிருந்து காக்கப்படுகிறது. ஒரே வடிவம், ஒரே புரதம், எதிரெதிரான விளைவுகள்: சேமிப்பு குறைய, வரவு மிகுகிறது.

ஃபெரிட்டின் இலகுச் சங்கிலி மரபணுவின் இக்கொண்டை ஊசிப் பகுதியில் ஒரு காரம் மாறினால், ஒழுங்குறுத்தும் புரதம் அதனைப் பற்ற இயலாமல் போகிறது. இரும்பின் அளவு எவ்வாறாயினும் ஃபெரிட்டின் தொடர்ந்து உற்பத்தியாகிறது. இரத்தத்தில் ஃபெரிட்டின் மிகுவதோடு, இளவயதிலேயே கண்புரையும் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் இந்நோயின் காரணம் 1995இல் கண்டறியப்பட்டது. இம்மாற்றத்தால் புரதத்தின் அமினோ அமில வரிசை சிறிதும் மாறுவதில்லை. புரதக் குறிமுறைப் பகுதியை மட்டும் வாசிக்கும் மரபணுச் சோதனை இதனைக் காணத் தவறும். ஃபெரிட்டின் மிகுதியை இரும்பு மிகுதியாகத் தவறாகக் கொண்டு இரத்தம் வடித்து எடுக்கும் சிகிச்சை அளித்தால், இரும்பு மிகை இல்லாத நோயாளி இரத்தசோகைக்கு உள்ளாவார். கட்டமைப்பு பற்றிய அறிவு மருத்துவமனையில் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

குறிமுறைப் பகுதியில் கட்டமைப்பு: முரண்படும் சான்றுகள்

தொடக்க இடத்தைக் கடந்த குறிமுறைப் பகுதியில் கட்டமைப்பின் விளைவு குறித்துச் சான்றுகள் ஒருமுகமாக இல்லை. வலி உணர்வுடன் தொடர்புடைய காட்டகோல் மெத்தில் டிரான்ஸ்ஃபெரேஸ் நொதியின் மரபணு வகைகளை ஆராய்ந்த ஆண்ட்ரியா நாக்லியும் அவருடன் பணியாற்றியோரும், மிக உறுதியான உள்ளூர்த் தண்டை உருவாக்கும் வகையில் நொதியின் அளவு குறைந்திருப்பதை 2006இல் காட்டினர். அத்தண்டைக் குலைக்கும் சடுதிமாற்றம் நொதியின் அளவை மீட்டது.

இதற்கு மாறாக, டேவிட் மாகரும் பிறரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், குறிமுறைப் பகுதி முழுவதும் மிகுதியாக மடிந்த செயற்கைத் தூது ஆர்.என்.ஏ.க்கள் அதிகப் புரதத்தைத் தந்தன. அவ்விழைகள் செயல்நிலையில் நீடித்த காலம் கூடியதே அதற்குக் காரணம். இணை சேராத காரங்களை ஒட்டிய முதுகெலும்புப் பிணைப்பு நீராற்பகுப்பால் எளிதில் அறுபடுவதால், மடிப்பு இழைக்குப் பாதுகாப்பளிக்கும் என்பதும் இதனுடன் இணைத்து நோக்கத்தக்கது.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முன்னதில் ஆராயப்பட்டது ஒரே இடத்தில் செறிந்த தண்டு. பின்னதில் நீண்ட பகுதியில் பரவிய மடிப்பு. நகரும் ரைபோசோம் தன் வழியிலுள்ள தண்டுகளை அவிழ்த்துக்கொண்டே செல்கிறது. உயிருள்ள ஈஸ்ட் உயிரணுக்களில் டைமெத்தில் சல்ஃபேட் கொண்டு மடிப்பை அளந்த சில்வி ரூஸ்கினும் பிறரும், உயிரணுவினுள் உள்ள தூது ஆர்.என்.ஏ., சோதனைக்குழாயில் மீண்டும் மடியும் அதே ஆர்.என்.ஏ.வைவிடக் குறைவாகவே மடிந்திருப்பதை 2014இல் கண்டனர். உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. குறைக்கப்பட்டபோது மடிப்பு மிகுந்தது. ஆதலின் கணினி காட்டும் மிகக்குறைந்த ஆற்றல் நிலையை உயிரணுவில் நிலவும் நிலையாக நேரே கொள்வது பொருந்தாது.

தடுப்பூசி வடிவமைப்பில் பயன்பாடு

கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதம் 1273 அமினோ அமிலங்கள் கொண்டது. இதனைக் குறிக்கும் தூது ஆர்.என்.ஏ. வரிசைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 10இன் 632ஆம் அடுக்கு ஆகும். இவற்றுள் எதனைத் தேர்வது என்ற வினா, இக்கட்டுரையில் விளக்கப்பட்ட அனைத்தையும் உள்ளடக்கியது. மொழியியலில் வாக்கியப் பகுப்புக்குப் பயன்படும் கணிப்புமுறையைத் தழுவி, மடிப்பின் உறுதியையும் கோடான் தேர்வையும் ஒருங்கே கருதும் 'லீனியர் டிசைன்' என்னும் முறை 2023இல் வெளியிடப்பட்டது. அம்முறையில் உருவான வடிவங்கள் எலிகளில், வழக்கமான கோடான் தேர்வால் மட்டும் உருவான வடிவத்தைவிட 128 மடங்கு வரை மிகுந்த எதிர்பொருள் அளவைத் தந்தன. சோதனையில் அவ்வடிவங்கள் நீண்ட நேரம் சிதையாமலும் இருந்தன. குளிர்பதன வசதி குறைந்த பகுதிகளுக்குத் தடுப்பூசியைக் கொண்டுசெல்வதில் இந்நிலைப்புத்தன்மை பயன்தரக்கூடியது.

முடிவுரை

தூது ஆர்.என்.ஏ.வின் மடிப்பு ரைபோசோம் இணையும் இடத்தை மறைக்கும்போது மரபணு வெளிப்பாட்டைக் குறைக்கிறது. தொடக்கக் கோடானுக்குப் பின் உரிய தொலைவில் அமையும்போது அதனைக் கூட்டுகிறது. 3′ முனையில் காப்புப் புரதத்தைப் பற்றும்போது இழையின் ஆயுளை நீட்டுகிறது. குறிமுறைப் பகுதியில் செறிவு, பரவல் ஆகியவற்றுக்கு ஏற்ப இருவகையாகவும் செயல்படுகிறது. எனவே 'உறுதியான கட்டமைப்பு வெளிப்பாட்டைத் தடுக்கும்' என்ற கூற்று, பாக்டீரியாவின் தொடக்க இடத்திற்கு மட்டுமே முழுமையாகப் பொருந்துவது.

இதிலிருந்து நடைமுறை சார்ந்த மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒரு சடுதிமாற்றம் அமினோ அமிலத்தை மாற்றவில்லை என்பதால் மட்டும் அதனை விளைவற்றது என ஒதுக்குதல் ஆகாது. மரபுநோய்ச் சோதனைகளில் மொழிபெயர்க்கப்படாத பகுதிகளும் வாசிக்கப்பட வேண்டும். கணிப்பு மென்பொருள் தரும் ஆற்றல் மதிப்பை, அக்கட்டமைப்பு இழையின் எவ்விடத்தில் உள்ளது, எவ்வகை உயிரணுவில் உள்ளது என்பவற்றோடு சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும். கற்பித்தலிலும் 'மௌனச் சடுதிமாற்றம்' என்ற சொல்லைவிட 'ஒத்தபொருள் சடுதிமாற்றம்' என்ற சொல்லே பொருத்தமானது. முன்னது விளைவைப் பற்றிய தீர்ப்பை முன்கூட்டியே வழங்கிவிடுகிறது; பின்னது கோடானின் பொருளை மட்டும் கூறி, விளைவை ஆய்வுக்கு விட்டுவைக்கிறது.